அமெரிக்கப் பள்ளிகளில் இளைஞர் அமைப்பாளர் என்ன செய்கிறார்?

ஊரின் பொதுப்பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்தின் கூட்டம் சாயங்காலம் நடக்கிறது. வரிசையாக உட்கார்ந்திருக்கும் வாரிய உறுப்பினர்களுக்கு எதிரே ஒரு மைக். பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துவிட்டுப் பேசலாம். ஆளுக்கு 2 நிமிஷம், சில ஊர்களில் 3. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி மடித்த தாளோடு எழுந்து போகிறாள். அந்தத் தாளை முந்தின நாள் ஏழு தடவை சத்தமாக வாசித்துப் பார்த்திருக்கிறாள். முதல் தடவை நாலு நிமிஷம் ஆனது, கடைசியில் 1 நிமிஷம் 50 விநாடிக்கு வந்து நின்றது. அறையின் பின்சுவரில் சாய்ந்தபடி ஒருவர் நிற்கிறார். இருபத்தைந்து வயது இருக்கும். வாசித்துப் பார்த்தபோது கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தவர் அவர். அவளையும் இன்னும் எட்டுப் பேரையும் வேனில் கூட்டி வந்தவர், அதற்காகப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியவர், ராத்திரி ஒவ்வொருவரையும் வீட்டில் இறக்கிவிடப் போகிறவரும் அவரே. ஆனால் மைக் பக்கம் அவர் போகமாட்டார்.

இப்படி நிற்பவரைத்தான் அமெரிக்காவில் இளைஞர் அமைப்பாளர் என்கிறார்கள். தமிழில் அமைப்பாளர் என்றதும் கட்சிப் பொறுப்பு ஞாபகத்துக்கு வரும். இது அதுவல்ல. பெரும்பாலும் ஒரு தொண்டு அமைப்பில் சம்பளத்துக்கு வேலை செய்பவர். உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஒன்றுசேர்த்து, தங்கள் பள்ளியின் விதியையோ நிதியையோ அவர்களே மாற்றும்படி தயார் செய்வது அவர் தொழில்.

மற்ற உதவிகளிலிருந்து இது எங்கே பிரிகிறது என்று பார்த்தால் சுலபமாகப் புரியும். ஒரு மாணவனை ஐந்து நாள் சஸ்பெண்டு செய்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். டியூஷன் சொல்லித்தருபவர் விட்டுப்போன பாடத்தை முடித்துக் கொடுப்பார். மனநல ஆலோசகர் உட்கார்ந்து கேட்பார். வக்கீல் அந்த உத்தரவு செல்லாது என்று வாதாடுவார். மூன்றுமே வேண்டியவைதான். அமைப்பாளர் கேட்பது வேறு: இதே காரணத்துக்காக இந்த வருஷம் இன்னும் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள்? அவர்களையெல்லாம் ஒரே அறையில் உட்காரவைக்க முடியுமா? அந்த விதியை எழுதியது யார், மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

சரி, இந்த வேலையில் இருப்பவர்கள் இன நீதி, கல்வி நீதி என்று இரண்டையும் ஏன் சேர்த்தே சொல்கிறார்கள்? இதற்குப் பணக்கணக்கைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் பொதுப்பள்ளிகளின் செலவில் மத்திய அரசின் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். மிச்சம் மாநிலமும் உள்ளூரும் போடுவது. உள்ளூர்ப் பங்கு பெரும்பாலும் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை உயர்ந்த இடத்தில் பள்ளிக்குப் பணம் கொட்டும், தாழ்ந்த இடத்தில் சொட்டும். எந்த வீட்டை யார் வாங்கலாம் என்பதை வெகுகாலம் நிறம்தான் தீர்மானித்தது. 1930களில் அரசு நிறுவனமே நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று குறித்து வைத்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1968-ல்தான் வந்தது. அதற்குள் இரண்டு தலைமுறை கடந்துவிட்டது.

டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள், அதாவது பொதுப்பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகப் பகுதிகள். எட்ஜ்வுட்டில் மெக்சிக அமெரிக்கக் குடும்பங்கள் அதிகம், அலமோ ஹைட்ஸில் வெள்ளையர் அதிகம். 1967-68 கணக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. எட்ஜ்வுட் மக்கள் ஒவ்வொரு 100 டாலர் சொத்துக்கும் 1 டாலர் 5 சென்ட் வரி கட்டினார்கள். அந்த வட்டாரத்திலேயே அதுதான் உச்ச விகிதம். அதிலிருந்து ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸ்காரர்கள் 85 சென்ட்தான் கட்டினார்கள், ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது 333 டாலர். மாநில, மத்திய உதவியைச் சேர்த்த பிறகும் 356 டாலர் எதிர் 594 டாலர். இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி. எட்ஜ்வுட் பெற்றோர் பிள்ளைகள்மேல் அக்கறை இல்லாதவர்கள் என்று யாராவது சொன்னால், கூடுதல் விகிதத்தில் வரி கட்டியது அவர்கள்தான் என்பதைக் காட்டலாம்.

1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்பை விட்டு வெளியே நடந்தார்கள். இடிந்த கட்டடம், தகுதியான ஆசிரியர் இல்லாத வகுப்புகள் என்று பட்டியல் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துப் பெற்றோர் திரண்டு வழக்குப் போட்டார்கள். 1973-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நாட்டின் அரசியல் சட்டத்தில் கல்வி அடிப்படை உரிமை இல்லை என்றது. எட்ஜ்வுட்காரர்கள் விடவில்லை. மாநில அரசியல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி வழக்காடினார்கள். 1989-ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பள்ளி நிதி முறை செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மாணவர்கள் வெளியே நடந்த நாளிலிருந்து எண்ணினால் 21 வருஷம்.

பணத்துக்கு அடுத்தபடி தண்டனை. 2017-18 கல்வியாண்டில் பொதுப்பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 15 சதவீதம். பள்ளிக்கு வெளியே சஸ்பெண்டு செய்யப்பட்டவர்களில் அவர்கள் சுமார் 38 சதவீதம். மத்தியக் கல்வித் துறையே திரட்டிய எண்கள் இவை. வகுப்பில் தொப்பியைக் கழற்றாதது, எதிர்த்துப் பேசியது, போனை உள்ளே வைக்காதது போன்றவற்றில் குற்றம் எவ்வளவு என்பது பார்க்கிற கண்ணைப் பொறுத்தது. ஒரு பையன் செய்தால் குறும்பு, இன்னொருவன் செய்தால் மிரட்டல். வீட்டுக்கு அனுப்பப்பட்டவனுக்குப் பாடம் போகிறது, அப்புறம் மதிப்பெண் போகிறது, பள்ளியே வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. பள்ளிக்குள்ளேயே போலீஸ் இருந்தால் சின்னச் சண்டைகூட வழக்காகிவிடும். பள்ளியிலிருந்து சிறைக்குப் போகும் பாதை என்று இதைச் சொல்கிறார்கள். இந்த வேலையில் இருப்பவர்கள் வாயில் தினமும் புழங்கும் சொல் அது.

இனி, மாணவர்கள் தாங்களே அமைப்பாவது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம். நான் இதைத்தான் எல்லாருக்கும் முதலில் சொல்வேன், ஏனென்றால் எல்லா அம்சமும் இதில் இருக்கிறது.

வர்ஜினியா மாநிலத்தில் ஃபார்ம்வில் என்ற சிற்றூர். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி, 180 பேருக்காக 1939-ல் கட்டியது. 1951-ல் அதில் 450 பேர் நெருக்கியடித்துப் படித்தார்கள். புதுக் கட்டடம் கேட்டால் பள்ளி வாரியம் தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தது. குளிருக்குக் கொட்டகை நடுவே ஒரு அடுப்பு. பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு வேர்க்கும், ஓரத்தில் உட்கார்ந்தவன் கோட்டைக் கழற்றாமல் எழுதுவான். வெள்ளையர் பள்ளியில் இருந்த உடற்பயிற்சிக் கூடம், சாப்பாட்டுக் கூடம், அறிவியல் ஆய்வகம் எதுவும் இங்கே இல்லை.

பார்பரா ஜான்ஸ் என்ற மாணவி இதை இசை ஆசிரியையிடம் சொல்லி வருத்தப்பட்டாள். அதற்கு ஆசிரியை, நீயே ஏதாவது செய்யேன் என்றார். முதலில் அது தன்னைத் தட்டிக்கழிக்கும் பேச்சாகத்தான் பார்பராவுக்குப் பட்டது. அப்புறம் யோசித்தாள். நம்பிக்கையான சில மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, மாதக்கணக்கில் ரகசியமாகக் கூடிப் பேசினாள். 1951 ஏப்ரல் 23 அன்று, மாணவர்கள் ஊருக்குள் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள் என்று ஒரு போன் போட்டுத் தலைமையாசிரியரைப் பள்ளியைவிட்டு வெளியே அனுப்பினார்கள். அவர் அழைப்பதுபோலவே வகுப்புகளுக்குச் சீட்டு போனது. எல்லாரும் அரங்கில் கூடினார்கள். திரை விலகியபோது மேடையில் தலைமையாசிரியர் இல்லை, பதினாறு வயது பார்பரா நின்றாள். ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னாள். காலணியைக் கழற்றிப் பலகையில் தட்டி அமைதியாக்கினாள். வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நடந்தது.

கவனியுங்கள், மாணவர்கள் கேட்டது புதுக் கட்டடம். உதவிக்கு அழைத்த வக்கீல்கள், நிறத்துக்கொரு தனிப் பள்ளி என்ற முறையையே எதிர்த்து வழக்குப் போடுவதானால் வருகிறோம், பெற்றோரும் சம்மதிக்க வேண்டும் என்றார்கள். தேவாலயத்தில் கூடிப் பேசி ஊர் சம்மதித்தது. மே 23 அன்று 117 மாணவர்கள் பேரில் வழக்குப் பதிவானது. நிறத்தை வைத்துப் பள்ளியைப் பிரிப்பது செல்லாது என்று 1954-ல் வந்த பிரௌன் தீர்ப்பில் ஒன்றாக விசாரிக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் இது ஒன்று. அவற்றில் மாணவர்கள் கையால் ஆரம்பித்தது இது மட்டுந்தான்.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். மிரட்டலுக்குப் பயந்து குடும்பத்தார் பார்பராவை அலபாமாவில் அப்பாவின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். சேர்ந்து படிப்பதைவிடப் பள்ளியே இல்லாமல் போகட்டும் என்று அந்தக் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், 1959-ல் பொதுப்பள்ளிகளை இழுத்து மூடியது. 1964-ல்தான் திறந்தது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி வந்துவிட்டது. கறுப்பினப் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஐந்து வருஷப் படிப்பு போனது போனதுதான். வெற்றிக் கதையை மட்டும் சொல்லி இந்தப் பக்கத்தை விட்டுவிடுவது பிள்ளைகளை ஏமாற்றுவது என்று நினைக்கிறேன்.

ஃபார்ம்வில்லில் அந்த ஆசிரியை என்ன செய்தார் என்று திரும்பிப் பாருங்கள். ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டார், அவ்வளவுதான். அமைப்பாளர் வேலையின் கரு அதில் இருக்கிறது. இதைத் தெளிவாகப் பிடித்தவர் எல்லா பேக்கர் (Ella Baker) என்ற கறுப்பினப் பெண் அமைப்பாளர். 1960-ல் தென்மாநிலங்களில் மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவக இருக்கைகளில் உட்கார்ந்து போராடியபோது, அவர்களை ராலி நகரின் ஷா பல்கலைக்கழகத்தில் ஒன்றுகூட்டினார். அவருக்கு அப்போது 56 வயது. மூத்த அமைப்புகள் மாணவர்களைத் தங்கள் இளைஞர் பிரிவாகச் சேர்த்துக்கொள்ளப் பார்த்தன. அவர்கள் தாங்களே முடிவெடுக்கட்டும் என்று பேக்கர் நின்றார். மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது அப்படித்தான். வலுவான மக்களுக்கு வலுவான தலைவர்கள் தேவையில்லை என்பது அவர் சொன்னது.

அன்றாட வேலை எப்படி இருக்கும்? பெரும்பகுதி, ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசுவது. பள்ளி விட்டதும் அரைமணி நேரம். நோட்டீஸ் கொடுப்பதும் இன்ஸ்டாகிராமில் பதிவு போடுவதும் இதற்கு ஈடாகாது. பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"ஸ்கூல்ல ஒரே ஒரு விஷயத்தை மாத்தலாம்னா எதை மாத்துவே?"

"பாத்ரூம்."

"ஏன், என்ன ஆச்சு?"

"பூட்டியே வெச்சிருக்காங்க. மூணு மாடிக்கு ஒண்ணுதான் திறந்திருக்கு. போயிட்டு வர்றதுக்குள்ள லேட் ஆயிடுது. லேட்டுன்னு எழுதி வெச்சிடறாங்க."

"லேட் ஆனா?"

"மூணு லேட்டுக்கு ஒரு டிடென்ஷன், ஸ்கூல் விட்டப்புறம் உட்கார வெச்சிடுவாங்க. அதுக்குப் போகலைன்னா சஸ்பெண்டு."

"நீ போகலையா?"

"சாயங்காலம் தம்பியை நான்தானே கூட்டிட்டு வரணும்."

அனுபவம் இல்லாதவர் இந்த இடத்தில் நிறவெறியைப் பற்றி ஒரு பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார். நல்ல அமைப்பாளர் இன்னும் கேட்பார். பாத்ரூமை ஏன் பூட்டுகிறார்கள்? கண்காணிக்க ஆள் இல்லையாம். துப்புரவுப் பணியாளர் எத்தனை பேர்? ஒருவர். வாசலில் போலீஸ் இருக்கிறாரா? இரண்டு பேர். இந்தச் சம்பளமெல்லாம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது? பையனுக்குத் தெரியாது. கேட்டவருக்கும் தெரியாமல் இருக்கலாம். சரி, சேர்ந்து தேடுவோமா என்று கேட்பதோடு முதல் சந்திப்பு முடியும். பள்ளி மாவட்டத்தின் வரவுசெலவுத் திட்டம் பொது ஆவணம். அடுத்த வாரம் நாலு மாணவர்கள் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு பேனாவால் கோடு போடுகிறார்கள். பூட்டிய கதவிலிருந்து நிதிக்கணக்கு வரை அவர்களே நடந்து வந்துவிட்டார்கள். அங்கே இனம் என்ற சொல் தானாக வரும், ஏனென்றால் ஊரின் இன்னொரு முனையில் இருக்கிற பள்ளியில் பாத்ரூம் பூட்டுவதில்லை என்பது யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

அதற்கப்புறம் பிரச்சினையைக் கோரிக்கையாக்க வேண்டும். பள்ளியில் மரியாதை வேண்டும் என்பது பிரச்சினை. எந்த உறுப்பினரும் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டார், யாரும் எதுவும் செய்யவும் மாட்டார். இந்த விதியின் இந்தப் பிரிவை நீக்குங்கள் என்பது கோரிக்கை. அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். அடுத்து, ஆம் என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஆளைக் கண்டுபிடிப்பது. தலைமையாசிரியரால் முடிகிற காரியத்துக்கு மாநில ஆளுநருக்கு மனு எழுதி ஒரு வருஷத்தை வீணடிக்கக் கூடாது. ஏழு பேர் வாரியத்தில் நாலு ஓட்டு வேண்டும் என்றால், யார் நம் பக்கம், யார் எதிர், யார் தயங்குகிறார், தயங்குகிறவர் யார் பேச்சைக் கேட்பார் என்று சுவரில் தாள் ஒட்டி வரைவார்கள். அதிகார வரைபடம் என்று அதற்குப் பெயர்.

கலிபோர்னியாவில் இது நிஜமாக நடந்த விதம் பயன்படும். அங்கே சஸ்பெண்டு செய்வதற்கான காரணங்களில் ‘வேண்டுமென்றே கீழ்ப்படியாமை’ என்றொரு பிரிவு இருந்தது. எதை வேண்டுமானாலும் அதில் அடைக்கலாம். ஒரு கட்டத்தில் மாநிலத்தின் மொத்த சஸ்பெண்டு உத்தரவுகளில் பாதிக்குக் கிட்ட இந்தக் காரணத்துக்காகவே போட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸில் மாணவர்களும் சமூக அமைப்புகளும் வருஷக்கணக்கில் எண்களைத் திரட்டி, தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லி, 2013 மே மாதம் நகரப் பள்ளி வாரியம் அந்தக் காரணத்துக்காக சஸ்பெண்டு செய்வதை நிறுத்தும்படி செய்தார்கள். 2014-ல் மாநிலச் சட்டம் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தடை போட்டது. 2019-ல் நடுநிலை வகுப்புகள் வரை நீண்டது. 2023-ல் நிறைவேறிய சட்டம் அதை உயர்நிலைப் பள்ளிக்கும் நீட்டியது. 2013-ல் பேசிய பதினாறு வயது மாணவிக்கு 2023-ல் 26 வயது. மாநிலம் முழுக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கு அந்தத் தடை வந்தபோது, அவள் பள்ளியை விட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும்.

இந்த வேலையின் மிகக் கடினமான பகுதியும் இதுதான். நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஆட்கள் எல்லாரும் மாறிவிடுவார்கள். மைக் முன் நிற்க நன்றாகப் பழகியவள் ஜூனில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். போகட்டும், போகத்தான் வேண்டும். ஆகவே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் செப்டம்பரிலேயே சந்திக்கத் தொடங்க வேண்டும். கூட்டத்தை நடத்துவது, நிகழ்ச்சி நிரல் எழுதுவது, பத்திரிகைக்குப் பேசுவது என்று ஒவ்வொன்றையும் பெரியவர் முதலில் செய்து காட்டி, அடுத்த முறை கூட இருந்து, மூன்றாவது முறை ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒதுங்குவது எளிதல்ல. தடுமாறும் பிள்ளையிடமிருந்து மைக்கை வாங்கிப் பேசிவிடலாமே என்று கை பரபரக்கும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மாணவர்கள் பள்ளி வாசலில் தங்கள் பேச்சுரிமையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதில்லை என்று 1969-ல் டிங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிய பிள்ளைகள் போட்ட வழக்கு அது. ஆனால் வகுப்பை விட்டு வெளியே நடந்தால், வராததற்குப் பள்ளி வழக்கமான தண்டனையைக் கொடுக்கலாம். கொள்கைக்காகப் போனாய் என்பதற்காக வழக்கத்தைவிடக் கூட்டிக் கொடுக்கக் கூடாது. இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் சொல்லாத அமைப்பாளரை நான் நம்பமாட்டேன். குடியேற்ற ஆவணம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கும் போலீஸ் பிடித்தால் இழக்க நிறைய உள்ள பிள்ளைக்கும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். முன்வரிசையில் நிற்பதா வேண்டாமா என்று அவர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும், தெரிந்து முடிவுசெய்ய வேண்டும். இன்னொன்று, 1975-ல் வந்த கோஸ் தீர்ப்புப்படி, பத்து நாள் வரையிலான சஸ்பெண்டுக்கும் என்ன குற்றம் என்று சொல்லி, மாணவன் தன் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். எத்தனையோ பிள்ளைகளுக்கு இது தெரியாது. மேலும், இவர்கள் வேலை செய்யும் தொண்டு அமைப்புகள் பெரும்பாலும் 501-சி-3 என்ற வரிவிலக்குப் பிரிவில் இருப்பதால், தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. வாரியத் தேர்தல் நேரத்தில் இதில் வழுக்கிவிடுவது சுலபம்.

இந்த வேலைக்கு வர விரும்புகிறவர்கள் என்ன பட்டம் வேண்டும் என்று கேட்கிறார்கள். குறிப்பிட்ட பட்டம் என்று ஒன்றும் இல்லை. பள்ளி நாளில் இப்படி ஒரு குழுவில் இருந்து, அப்புறம் சம்பளத்துக்கு வந்தவர்கள் பலர். கேட்கப் பொறுமை வேண்டும், சாயங்காலமும் சனிக்கிழமையும் போகும், வேன் ஓட்டத் தெரிந்தால் நல்லது.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கிறீர்கள் என்றால், மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமைகள் அலுவலகம் திரட்டும் எண்கள் அவர்கள் இணையதளத்தில் பள்ளி வாரியாக இருக்கின்றன. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் பெயரைத் தட்டி, மொத்த மாணவர்களில் எந்தப் பிரிவினர் எவ்வளவு, சஸ்பெண்டு ஆனவர்களில் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் அந்தத் தாளைப் பிள்ளையிடம் கொடுத்து, இதைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள்.